சலுகையும் விலைப்பட்டியலில் அச்சாகட்டும்

ஒரு பொருளுக்கு இரண்டு விலை உண்டு என்பது நாமக்கல் கோழிப்பண்ணையாளர்களுக்குப் புதிதல்ல. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலை ஒன்று. வியாபாரி பண்ணையில் முட்டையை ஏற்றும்போது பிடித்துக்கொள்ளும் ‘மைனஸ்’ போகக் கைக்கு வருவது இன்னொன்று. மைனஸ் பத்துப் பைசா கூடினால் லட்சம் முட்டைக்குப் பத்தாயிரம் ரூபாய் போய்விடும். அதனால்தான் அந்தப் பத்துப் பைசாவுக்காக இங்கே கூட்டம் கூடுகிறது, மனு போகிறது, பேச்சுவார்த்தை நடக்கிறது. விற்கும்போது இவ்வளவு விழிப்பாக இருக்கும் இந்த மண்ணில், 60 லட்சம் ரூபாய்க்கு ஒரு சொகுசு செடான் வாங்கப் போகும்போது பலர் ஒரே ஒரு விலையைத்தான் பார்க்கிறார்கள். அந்த விலைக்கும் ஒரு மைனஸ் இருக்கிறது. அது எவ்வளவு என்று வாங்குகிறவருக்குத் தெரியாது.

சேலத்தின் ஜவ்வரிசி ஆலை, திருச்செங்கோட்டின் ரிக் வண்டி, நாமக்கல்லின் லாரியும் டேங்கரும், ராசிபுரம், பரமத்தி பக்கத்துப் பண்ணைகள் ஆகியவற்றில் ஈட்டிய பணம் இன்று பென்ஸாகவும் பிஎம்டபிள்யூவாகவும் ஆடியாகவும் சாலைக்கு வருகிறது. உழைத்துச் சம்பாதித்தவர்கள் நல்ல கார் வாங்குவதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஒரே மாதத்தில், ஒரே ஷோரூமில், ஒரே மாடலை வாங்கிய இரண்டு பேர் வெவ்வேறு தொகை கொடுத்திருப்பதும், அந்த வித்தியாசம் சில லட்சங்களாக இருப்பதும்தான் பேசப்பட வேண்டியது. கேட்டவருக்குக் கிடைக்கிறது, கேட்காதவருக்குக் கிடைப்பதில்லை. பணக்காரர்களின் பிரச்சினை என்று இதை ஒதுக்கவும் முடியாது. முதல்முறையாக ஏழு லட்சத்துக்கு ஒரு சிறிய கார் வாங்கும் ஆசிரியர் முன்பு வைக்கப்படும் தாளும் இதே அச்சில்தான் இருக்கிறது. அவருக்கு இருபதாயிரம் போனாலும் அது ஒரு மாதக் குடும்பச் செலவு.

மைனஸ் எங்கிருந்து வருகிறது?

சலுகை என்பது ஷோரூம் மேலாளர் நம் முகத்தைப் பார்த்து மனமிரங்கித் தருவதல்ல. கார் நிறுவனம் தன் முகவருக்கு மாதந்தோறும் சுற்றறிக்கை அனுப்புகிறது. எந்த மாடலுக்கு, எந்த மாதம் தயாரான வண்டிக்கு எவ்வளவு ஆதரவுத் தொகை, எத்தனை வண்டி விற்றால் எவ்வளவு ஊக்கத்தொகை, பழைய வாடிக்கையாளர் திரும்பி வந்தால் எவ்வளவு, மருத்துவர், ஆடிட்டர் போன்ற தொழில்முறையாளர்களுக்கு எவ்வளவு என்றெல்லாம் அதில் இருக்கும். காலாண்டு இலக்கு எட்டப்பட்டால் அந்தக் காலாண்டில் விற்ற எல்லா வண்டிக்கும் சேர்த்து முகவருக்கு ஒரு தொகை வரக்கூடும். இலக்குக்கு இரண்டு வண்டி குறைவாக இருக்கும் முகவர், அந்த இரண்டை அசலுக்குக் கீழே விற்றாலும் லாபத்தில்தான் இருப்பார். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் கடைசி வாரத்தில் பேரம் எளிதாவதன் காரணம் இது.

முகவருடைய இன்னொரு நெருக்கடி இருப்பு. ஷோரூமிலும் யார்டிலும் நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் அவர் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். 2024 செப்டம்பரில் நாடு முழுவதும் முகவர்களிடம் 80 முதல் 85 நாள் விற்பனைக்கான பயணியர் வாகனங்கள் தேங்கி நின்றன, அவற்றின் மதிப்பு 79,000 கோடி ரூபாய் என்று முகவர்கள் கூட்டமைப்பான ‘ஃபாடா’ சொன்னது. இருக்க வேண்டிய அளவு 21 நாள் என்பது அவர்கள் நெடுநாளாக வைக்கும் கோரிக்கை. அப்படித் தேங்கி நிற்கும் நேரத்தில் வாங்குகிறவரின் கை ஓங்குகிறது. நமக்கு அது தெரியாது என்பதே அவர்களுடைய பலம்.

நிறுவனங்களும் இதில் நிரபராதிகள் அல்ல. முகவர்கள் நிர்ணயித்த அளவுக்கு மேல் தள்ளுபடி தரக் கூடாது என்று மாருதி சுசூகி கட்டுப்படுத்தியதாகக் கூறி, இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வாடிக்கையாளரைப் போல ஆட்களை அனுப்பி, கூடுதல் தள்ளுபடி தரும் முகவரைக் கண்டுபிடித்துத் தண்டம் போட்டதாக அந்த உத்தரவு விவரித்தது. மாருதி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. அது சொகுசு கார் நிறுவனம் அல்லதான். ஆனால், முகவர் தன் லாபத்திலிருந்து நமக்குக் கொடுக்க நினைத்ததைக்கூடத் தடுக்கும் கை ஒன்று மேலே இருக்கலாம் என்பது நாட்டுக்கு ஆதாரத்தோடு தெரியவந்தது அந்த வழக்கில்தான்.

மெர்சிடஸ் பென்ஸ் அதே ஆண்டு அக்டோபரில் வேறு பாதையில் போனது. வண்டிகளை நிறுவனமே வைத்துக்கொள்ளும், விற்பனை ரசீதை நேரடியாக வாடிக்கையாளருக்கு நிறுவனமே போடும், முகவருக்குக் கமிஷன் மட்டும். நாடு முழுக்க ஒரே விலை. சேலத்திலிருந்து கோவைக்கும் பெங்களூருக்கும் சென்னைக்கும் போன் போட்டு ஒன்றை இன்னொன்றோடு மோதவிடும் வழக்கம் அந்த நிறுவனத்திடம் பெருமளவு செல்லாமல் போயிற்று. இது நல்லதா என்று கேட்டால், பாதி நல்லது என்பேன். விலை ஒன்றாகிவிட்டது, கேட்கத் தெரியாதவர் ஏமாறவில்லை. ஆனால் வட்டி, காப்பீடு, பழைய காருக்குத் தரும் விலை, சர்வீஸ் பேக்கேஜ் என்று பேரம் வேறு அறைகளுக்கு இடம்பெயர்ந்துவிடுகிறது. அந்த அறைகளில் வெளிச்சம் இன்னும் குறைவு.

ரசீதுக்குள் வராத தள்ளுபடி

2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு இழப்பீட்டு செஸ் நீங்கி, ஜிஎஸ்டி 40% என்றானது. அதற்கு முன் 1,500 சிசிக்கு மேற்பட்ட செடானுக்கு 28% வரியும் 20% செஸ்ஸும் சேர்ந்து 48%. வரி மட்டும் குறைந்ததால் 60 லட்சம் ரூபாய் கார் சுமார் 56.76 லட்சமாக இறங்கியிருக்க வேண்டும். இந்த 3.24 லட்சம் அரசு குறைத்த வரி. அதை ‘எங்கள் பண்டிகைச் சலுகை’ என்று யாராவது சேர்த்துச் சொன்னால், அதைத் தனியே கழித்துவிட்டு மீதி என்ன என்று கேட்க வேண்டும்.

40% வரி என்றால், ஷோரூம் விலையின் ஒவ்வொரு லட்சத்திலும் 28,571 ரூபாய் வரி, 71,429 ரூபாய் காரின் விலை. விற்கும் நேரத்திலேயே ரசீதில் காட்டப்படும் தள்ளுபடிக்கு வரி கிடையாது என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 15-ஆவது பிரிவு. ஆகவே, ரசீதில் ஒரு லட்சத்தைக் குறைத்தால் விற்பவருக்கு உண்மையில் 71,429 ரூபாய்தான் செலவு. அதே ஒரு லட்சத்தை ரசீதுக்கு வெளியே பணமாகக் கொடுத்தால் முழு லட்சமும் செலவு. ரசீதில் குறைக்கச் சொல்வது நமக்கு மட்டுமல்ல, அவருக்கும் சிக்கனம். அப்படியிருந்தும் ‘ரசீதில் முடியாதுங்க, ஆக்சசரீஸாகப் போட்டுத் தருகிறேன்’ என்று சொன்னால், அந்த ஆக்சசரீஸின் அச்சு விலைக்கும் அடக்க விலைக்கும் நடுவே ஒரு லாபம் ஒளிந்திருக்கிறது என்று பொருள். தரைவிரிப்பும் கதவோர விளக்கும் ஒரு லட்ச ரூபாய்க்கு ஈடாகாது.

‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்ற வரியையும் இங்கேயே முடித்துவிடலாம். தொழிற்சாலையிலிருந்து ஷோரூம் வரை வண்டி வந்துசேரும் செலவும் முகவரின் பங்கும் ஷோரூம் விலைக்குள்ளேயே இருக்கின்றன. அதற்கு மேல் கையாளுவதற்குத் தனிக் காசு எதற்கு? ‘எந்த விதிப்படி?’ என்று எழுத்தில் கேளுங்கள்.

வட்டியில் கரைவது

வட்டிக் கணக்கு தெரியாத ஊர் அல்ல இது. லாரிக்கு பைனான்ஸ் எடுத்து, தவணை கட்டி, ஒன்றை ஐந்தாக்கிய குடும்பங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனாலும் கார் ஷோரூமில் ‘ஃப்ளாட் 5%’ என்றவுடன் பலர் தலையாட்டிவிடுகிறார்கள். 40 லட்சம் ரூபாய், ஐந்தாண்டு, ஃப்ளாட் 5% என்றால் வட்டி 10 லட்சம், மாதத் தவணை 83,333 ரூபாய். கட்டக் கட்டக் குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இது சுமார் 9.15%. அதே கடனை வங்கி 8.75% குறையும் வட்டியில் கொடுத்தால் தவணை 82,549 ரூபாய்தான். காதுக்குச் சிறிதாகக் கேட்ட 5% உண்மையில் பெரியது.

இன்னும் நுட்பமானது நிறுவனமே தரும் ‘சிறப்பு வட்டி’. 6.99% என்று வைத்துக்கொள்வோம். அதே 40 லட்சத்துக்குத் தவணை 79,186 ரூபாய். 8.75% கடனைவிட மாதம் 3,363 ரூபாய் குறைவு. ஐந்தாண்டில் இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல் மிச்சம். விற்பனையாளர் இந்த இரண்டு லட்சத்தைத்தான் சொல்வார். ஆனால் அது 60 மாதங்களில் சிறுகச் சிறுக வருவது. இன்றைய மதிப்பில் சுமார் 1.63 லட்சம். எனவே, ‘சிறப்பு வட்டி வேண்டாம், என் வங்கியில் நானே கடன் வாங்கிக்கொள்கிறேன், ரசீதில் எவ்வளவு குறைப்பீர்கள்?’ என்று கேட்டு, பதில் இரண்டு லட்சம் என்று வந்தால் அதுவே லாபம். ஒரு லட்சம் என்று வந்தால் சிறப்பு வட்டியே மேல். இந்த ஒரு கேள்வியைக் கேட்க முடியாதபடி இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டி, கடைசியில் மாதத் தவணையை மட்டும் சொல்வதுதான் வழக்கமான உத்தி. கடனை ஏற்பாடு செய்து கொடுப்பதற்கு வங்கியிடமிருந்தும் முகவருக்கு ஒரு தொகை வருகிறது என்பதை நினைவில் வைத்தால், ஏன் தவணையிலேயே பேச்சு சுற்றிச்சுற்றி வருகிறது என்று புரியும்.

தவணையைக் குறைத்துக் காட்டும் இன்னொரு வழி, காரின் விலையில் ஒரு பெரும்பகுதியைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது. மூன்று நான்கு ஆண்டு முடிந்ததும் அந்தப் பெருந்தொகையைக் கட்டலாம், அல்லது உறுதி சொன்ன விலைக்கு வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம். லீஸும் ஏறக்குறைய இப்படித்தான். வண்டி நம்முடையதாகவே ஆகாது. இரண்டிலும் கிலோமீட்டர் வரம்பு இருக்கும். நாமக்கல்லிலிருந்து ஒருமுறை சென்னைக்குப் போய்வந்தாலே எழுநூறு கிலோமீட்டரைத் தாண்டும். தொழில் நிமித்தம் மாதத்துக்கு இரண்டு மூன்று முறை போகிறவருக்கு அந்த வரம்பு போதவே போதாது, மிகுந்த ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அபராதம். லீஸ் என்றால் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறலாம் என்று யாராவது சொன்னால் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். டிரைவர் உட்பட 13 பேர் வரை அமரும் வாகனங்களுக்கு, வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும், சில குறிப்பிட்ட தொழில்களைத் தவிர உள்ளீட்டு வரிப் பயன் தடுக்கப்பட்டிருக்கிறது. சம்பளக்காரர்களுக்கு, நிறுவனமே லீஸ் எடுத்துத் தருமானால் அது பொருந்தலாம். குடும்பத் தொழில் நடத்துகிறவருக்கு, சொந்தமாக வாங்கித் தேய்மானம் கழிப்பதே பெரும்பாலும் தெளிவான வழி. தொழிலுக்குப் பயன்படும் காருக்குத் தேய்மானம் 15%. அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதிதான். அக்டோபர் பிறக்கும் முன் வாங்குவதா, மார்ச் வரை பொறுப்பதா என்பதை ஷோரூம் முடிவுசெய்யக் கூடாது.

காப்பீட்டில் மூன்றாம் தரப்புக் கட்டணம் எந்த நிறுவனத்திடமும் ஒன்றே. பேரத்துக்கு இடமிருப்பது வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில். அங்கே முகவருக்குக் கணிசமான வருமானம் இருக்கிறது. காப்பீட்டை எங்கு எடுப்பது என்பது வாடிக்கையாளரின் உரிமை என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. ‘வெளியில் எடுத்தால் கேஷ்லெஸ் கிடைக்காது’ என்பார்கள். அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அதே பணிமனையோடு ஒப்பந்தம் உண்டா என்று ஒரு போனில் கேட்டுவிடலாம். ‘பம்பர் டூ பம்பர்’ காப்பீடு சட்டப்படி கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஈரோட்டு விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றின் மேல்முறையீட்டில் 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ஓர் உத்தரவு போட்டது. அடுத்த மாதமே அது திரும்பப் பெறப்பட்டது. இவ்வளவு விலையுள்ள காருக்கு அதை எடுப்பது நல்லதுதான். நல்லது என்பது வேறு, கட்டாயம் என்பது வேறு.

மார்கழி வண்டி

டிசம்பரில் மிகப் பெரிய சலுகைகள் வருகின்றன. ஆண்டு மாறியதும் யார்டில் நிற்கும் வண்டிக்கு ஒரு வயது கூடிவிடும் என்பதால் முகவர்களுக்கு அவசரம். நமக்கோ அது மார்கழி. புது வண்டி எடுக்க மாட்டோம். தையில் எடுக்கிறேன் என்பவரிடம் ‘ஜனவரியில் விலை ஏறுதுங்கண்ணா’ என்பார்கள். பல ஆண்டுகளாக டிசம்பரில் விலை உயர்வை அறிவிப்பது இந்த நிறுவனங்களின் வழக்கம்தான், அதனால் அது பொய்யல்ல. மார்கழியில் விலை பேசி, எழுத்தில் வாங்கி, தையில் டெலிவரி எடுக்க ஒப்புக்கொள்ளச் செய்யலாம். அப்போது பதிவுச் சான்றில் புது ஆண்டில் பதிவான தேதி இருக்கும், ஆனால் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அதே சான்றில் அச்சாகும். பின்னாளில் கார் வாங்க வருகிறவர் அதைத்தான் முதலில் பார்ப்பார். மூன்றாண்டில் மாற்றுகிற பழக்கமுள்ளவருக்கு இந்த ஒரு வயது பெரிய நஷ்டம். பத்தாண்டு ஓட்டப் போகிறவருக்கு அது பொருட்டே அல்ல. அவர் தைரியமாக மார்கழி வண்டியை எடுக்கலாம். வண்டியைக் காட்டும்போதே எந்த மாதம் தயாரானது என்று கேட்டு, சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொள்வது இதற்காகத்தான்.

பழைய காரை அங்கேயே கொடுத்தால் ‘எக்ஸ்சேஞ்ச் போனஸ்’ ஒரு லட்சம் என்பார்கள். முதலில் பழைய காருக்கு வெளிச் சந்தையில் என்ன விலை என்று தெரிந்துகொண்டு போகாவிட்டால், அந்தப் பழைய காரின் விலையில் ஒன்றரை லட்சம் குறைத்து, போனஸாக ஒரு லட்சம் தந்ததைக் கண்டுபிடிக்கவே முடியாது.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காருக்கு ஆயுள்கால சாலை வரி 20%. அறுபது லட்சத்துக்கு இது மட்டும் சுமார் 12 லட்சம் ஆகும். உடனே ‘பாண்டிச்சேரி ரெஜிஸ்ட்ரேஷன்’ என்று ஒரு குரல் கேட்கும். வண்டி வழக்கமாக நிற்கும் மாநிலத்தில்தான் பதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். கேரளத்தில் 2017-இல் நடிகர்களின் சொகுசு கார்களே அதனால் வழக்கில் சிக்கின. நாமக்கல்லில் நிற்கும் காருக்குப் புதுச்சேரி முகவரி காட்டுவது சலுகை அல்ல, வரி ஏய்ப்பு. வரி கூடுதல் என்று தோன்றினால் அரசிடம் கேட்போம். நம் சாலைகளுக்கும் அந்தப் பணம்தான் போகிறது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு முகவர் பிடிக்கும் 1% டிசிஎஸ் அப்படியல்ல. அது நம் வருமான வரிக் கணக்கில் வரவாகும் நம் பணம். 60 லட்சத்துக்கு 60,000 ரூபாய். ரசீது யார் பெயரிலோ அவருடைய பான் எண்ணில்தான் அது சேரும் என்பதால், நிறுவனத்தின் பெயரா, சொந்தப் பெயரா என்பதை முன்பே தீர்மானிக்க வேண்டும்.

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற இளைஞரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய நிலையான சம்பளம் சிறியது. வண்டிக்கு இவ்வளவு, கடனுக்கு இவ்வளவு, காப்பீட்டுக்கு இவ்வளவு, நீட்டித்த வாரன்ட்டிக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகையில்தான் அவர் குடும்பம் நடக்கிறது. மறைக்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் மேலே இருக்கிறார்கள். சலுகைகளை நிறுவனமே வெளிப்படையாக அறிவித்தால், அவர் காரைப் பற்றிப் பேசலாம். நம்மைச் சமாளிப்பதைப் பற்றி அல்ல.

அதைத்தான் கேட்கிறேன். ஷோரூம் விலையை இணையத்திலும் நாளிதழிலும் அறிவிக்கும் நிறுவனங்கள், அந்த மாதத்துச் சலுகையையும் மாடல்வாரியாக, தயாரிப்பு ஆண்டுவாரியாக அறிவிக்கட்டும். ஒவ்வொரு கொட்டேஷனிலும் ஷோரூம் விலை, தள்ளுபடி, சாலை வரி, காப்பீடு, டிசிஎஸ், கடன் வட்டி ஆண்டுக்கு எத்தனை சதவீதம், பழைய காரின் விலை ஆகியவை தனித்தனி வரியாக, முகவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று போக்குவரத்துத் துறையும் நுகர்வோர் விவகாரத் துறையும் சேர்ந்து விதி செய்யட்டும். முகவர்களுக்கும் இதில் நஷ்டம் இல்லை. இன்று ஒரு முகவரிடம் வாங்கிய கொட்டேஷனைக் காட்டி இன்னொருவரிடம் நெருக்குகிறார்கள், கடைசியில் இருவருமே லாபமில்லாமல் விற்கிறார்கள் என்ற அவர்களுடைய நியாயமான வருத்தமும் அதில் தீரும்.

விதி வரும்வரை, முன்பணம் கட்டும் முன் அந்தத் தாளை நாமே கேட்டு வாங்க வேண்டும். வாய்மொழியில் சொன்னதை வாட்ஸ்அப்பிலாவது எழுதித் தரச் சொல்ல வேண்டும். தகராறு என்று வந்தால், கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் விசாரிக்கும். அதற்கு மேல், இரண்டு கோடி வரை சென்னையில் உள்ள மாநில ஆணையம். நிறுவனத்தின் பெயரில் வாங்கிய காருக்கு நுகர்வோர் உரிமை கிடையாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஒரு நிறுவனம் தன் இயக்குநரின் பயன்பாட்டுக்காக வாங்கிய மெர்சிடஸ் கார் தொடர்பான வழக்கில், அப்படி வாங்கியது வணிக நோக்கம் ஆகாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆணையத்தின் முன் பேசப்போவது கையில் இருக்கும் தாள் மட்டுமே. ரசீது, கொட்டேஷன், கடன் ஒப்பந்தம், காப்பீட்டுப் பத்திரம், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் வண்டி கையில் இருக்கும்வரை ஒரே கோப்பில் வைத்திருங்கள்.